பழைய ரெயில்பெட்டி கிட் கட்டுவது: சக்கரத்திலிருந்து கூரை வரை முழுமையான வழிகாட்டி

மட்டக்களப்பு, கல்லடியில் என் மேசை மேல் ஒரு கண்ணாடித் துண்டு கிடக்கிறது. ஜன்னலுக்குக் கண்ணாடி வெட்டும் கடையில் எடுத்தது. ஒரு அடிக்கு ஒரு அடி, 5 மில்லிமீற்றர் தடிப்பு, கை வெட்டாதபடி ஓரத்தைத் தேய்த்துத் தந்தார்கள். பழைய ரெயில்பெட்டி கிட் கட்டப் போகிறேன், முதலில் என்ன வாங்க வேண்டும் என்று யார் கேட்டாலும் நான் சொல்வது இந்தக் கண்ணாடியைத்தான். கிட், அதாவது ஒட்டிக் கட்டும் சின்ன மாதிரிப் பெட்டியின் பிளாஸ்டிக் பாகங்கள், பிறகு வரட்டும். மேசைப் பலகை எவ்வளவு நேராகத் தெரிந்தாலும் எங்கள் ஊரில் மாரிக்கு ஒரு மாதிரி, காய்ந்த கச்சான் காற்றுக்கு ஒரு மாதிரி வளையும். கண்ணாடி வளையாது. நான்கு சக்கரமும் ஒரே தளத்தில் நிற்கின்றனவா என்று அதன் மேல் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

கிட்டோடு வரும் தாளைப் பார்த்தால் பெரும்பாலும் பக்கச் சுவரை ஒட்டு, பெட்டியாக்கு, அடிச்சட்டத்தைப் பொருத்து, கடைசியில் பெயின்ட் அடி என்றுதான் போகும். நான் அந்த ஒழுங்கை மாற்றச் சொல்கிறேன். முதலில் அடிச்சட்டமும் சக்கரமும். அது சரியாக உருளும் வரை வேறு எதையும் தொட வேண்டாம். அடுத்தது பெயின்ட், சுவர்கள் தட்டையாகக் கிடக்கும்போதே. அதன் பிறகுதான் பெட்டி எழும்ப வேண்டும். கூரை கடைசி, அதுவும் கழற்றக்கூடியதாக. என் அயலில் ரெயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் இருந்தார். நான் கட்டிய முதல் பெட்டியைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, "மனே, பெட்டி வடிவில்லாட்டி ஒருத்தரும் ஏச மாட்டாங்க. ஆடினா சனம் ஏசும்" என்றார். அவர் சொன்னது உண்மைப் பெட்டியைப் பற்றி. ஆனால் சின்னப் பெட்டிக்கும் அதே கதைதான்.

எந்த அளவு, எந்தப் பெட்டி

மாதிரி ரெயிலில் பல அளவுகள் உண்டு. பிரித்தானிய மாதிரிகளில் அதிகம் புழங்குவது ஓஓ அளவு. அதில் உண்மையான ஒரு அடி 4 மில்லிமீற்றர், விகிதம் 1:76.2. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் எச்ஓ, ஒரு அடிக்கு 3.5 மில்லிமீற்றர், 1:87. இவற்றைவிடச் சிறியது N என்ற ஆங்கில எழுத்தின் பெயரில் வரும் அளவு, பிரித்தானியாவில் 1:148. பெரியது ஓ அளவு, ஒரு அடிக்கு 7 மில்லிமீற்றர்.

முதல் பெட்டிக்கு ஓஓ தான் என் தெரிவு. காரணம் கணக்கு. ஓஓ அளவில் உண்மையான ஒரு அங்குலம் சரியாக மூன்றில் ஒரு மில்லிமீற்றர். அதாவது அங்குலத்தை மூன்றால் வகுத்தால் மில்லிமீற்றர் வந்துவிடும். 24 அங்குலக் கதவு 8 மில்லிமீற்றர். 30 அடி நீளப் பெட்டி 360 அங்குலம், ஆகவே 120 மில்லிமீற்றர். கல்குலேட்டர் வேண்டாம், மனக்கணக்கே போதும். கையில் பிடிக்கவும் கண்ணுக்கு நோகாமல் வேலை செய்யவும் அந்த அளவு சரியாக இருக்கும்.

பெட்டி என்று பார்த்தால் நான்கு சக்கரப் பழைய பெட்டிதான் தொடக்கத்துக்கு நல்லது. ரேஷியோ என்ற பெயரில் வரும் பிளாஸ்டிக் கிட்களில் இங்கிலாந்தின் கிரேட் வெஸ்டர்ன் ரெயில்வேயின் நான்கு சக்கரப் பெட்டிகள் உண்டு. சுவரில் கதவும் சட்டமும் பலகையும் வார்ப்பிலேயே புடைப்பாக வந்துவிடும். சக்கரம் பூட்டும் அச்சும் இரண்டு மட்டும்தான். தனியே திரும்பும் இரண்டு சக்கரச் சட்டங்கள் உள்ள எட்டுச் சக்கரப் போகிப் பெட்டியில் நேரும் பிழைகளில் பாதி இதில் நேராது. இலங்கை ரெயிலை வெள்ளைக்காரர் போட்டார்கள். 1864 டிசம்பர் 27 அன்று கொழும்பிலிருந்து அம்பேபுசவுக்கு முதல் வண்டி ஓடியது. அந்தக் காலத்துப் பெட்டிகளுக்கும் இந்தக் கிட்டில் வரும் பெட்டிகளுக்கும் குடும்ப முகச்சாயல் உண்டு.

ஒரு விடயத்தை இப்போதே சொல்லிவிட வேண்டும். ஓஓ தண்டவாளத்தின் அகலம் 16.5 மில்லிமீற்றர். எங்கள் தண்டவாளம் அகலப் பாதை, 5 அடி 6 அங்குலம். 66 அங்குலத்தை மூன்றால் வகுத்தால் 22 மில்லிமீற்றர். ஆகவே கடையில் வாங்கும் ஓஓ தண்டவாளத்தில் எங்கள் பெட்டி ஒன்றை அளவோடு கட்டினால் கால் ஒடுங்கிப்போன மாதிரி நிற்கும். உண்மையில் ஓஓவில் பிரித்தானியப் பெட்டிக்கும் அந்தக் குறை இருக்கிறது. அவர்களின் 4 அடி 8½ அங்குலத்துக்கு 18.83 மில்லிமீற்றர் வர வேண்டும். முதல் கிட்டில் இதை நினைத்துத் தலையை உடைக்க வேண்டாம். கிட்டில் உள்ளபடி கட்டுங்கள்.

சாமான் சேர்ப்பது

கிட் இங்கே கடையில் கிடைக்காது. தபாலில் எடுக்கலாம், அல்லது லண்டனிலோ ரொறன்ரோவிலோ இருக்கும் சொந்தக்காரர் வரும்போது கொண்டுவரச் சொல்லலாம். ஆனால் ஒட்டும் திரவத்தையும் எனாமல் பெயின்டையும் ஸ்பிரே பேணியையும் சேர்த்துக் கேட்காதீர்கள். அவை தீப்பற்றும் சாமான். விமானத்தில் பயணப்பையிலோ தபாலிலோ போகாது. ஓடர் போடும்போது கிட்டுக்குள் சக்கரம் வருகிறதா என்று விவரத்தை வாசித்துப் பாருங்கள். வராவிட்டால் 14 மில்லிமீற்றர் விட்டமுள்ள பெட்டிச் சக்கரம் இரண்டு சோடி தனியே எடுங்கள். 12 மில்லிமீற்றர் சரக்கு வாகனத்துக்கு உரியது. அதைப் போட்டால் பெட்டி பதிந்து நிற்கும். பழைய பெட்டிக்கு மான்செல் சக்கரம் என்று கேட்டு வாங்கினால் இன்னும் நல்லது. இரும்பு வளையத்துக்குள் தேக்குத் துண்டுகளை இறுக்கிச் செய்த சக்கரம் அது. ஓட்டத்தில் சத்தம் குறையும் என்பதற்காகப் பயணிகள் பெட்டிகளுக்குப் போட்டார்கள். மாதிரிச் சக்கரத்திலும் கம்பிக்குப் பதிலாக முழுத் தட்டாக இருக்கும். அதை மரநிறத்தில் தீட்டினால் தனி அழகு.

மற்றச் சாமான் எல்லாம் ஊரிலேயே கிடைக்கும். கூரிய கத்தி, புது பிளேட் பல, சிறிய அரம், 400 இலும் 800 இலும் சாண்ட்பேப்பர், சாமணம், சின்னப் பக்கவெட்டுக் குறடு, 15 சென்ரிமீற்றர் உருக்கு அடிமட்டம், மூலைமட்டம். மூலைமட்டம் கிடைக்காவிட்டால் தச்சரிடம் போய் இரண்டு சின்ன மரக்கட்டையைச் சரியான செங்கோணமாகச் சீவித் தரச் சொல்லுங்கள். அது மூலைமட்டத்தைவிட நல்லது, ஏனென்றால் சுவரைச் சாய்த்து வைத்துவிட்டுக் கையை எடுக்கலாம்.

பசையைப் பற்றி. பொலிஸ்டைரின் பிளாஸ்டிக்கை ஒட்டுவது உண்மையில் பசை இல்லை. திரவம் பிளாஸ்டிக்கின் மேற்பரப்பை உருக்குகிறது. உருகிய இரண்டு பக்கமும் ஒன்றாகி இறுகுகிறது. மாதிரிக்காரருக்கென்று வரும் மெல்லிய திரவம் கிடைத்தால் அதுவே முதல் தெரிவு. கிடைக்காவிட்டால் ஹாட்வெயர் கடையில் விற்கும் லக்கர் தின்னரும் வேலை செய்யும், ஆனால் முரடு. கொஞ்சம் கூடினால் புடைப்பான விளிம்பையே தின்றுவிடும். ஸ்ப்ரூ என்கிற, பாகங்கள் தொங்கும் சட்டத்தின் ஒரு துண்டில் முதலில் போட்டுப் பாருங்கள். பிவிசி குழாய்ப் பசையும் நெயில் பொலிஷ் நீக்கியும் வேண்டாம்.

இந்தத் திரவங்களின் ஆவி தீப்பற்றும். ஜன்னலைத் திறந்து வையுங்கள். மாலையில் வேலை செய்பவர்கள் மேசைக்குக் கீழே நுளம்புத் திரி கொளுத்தி வைப்பது எங்கள் வீடுகளில் பழக்கம். அது கூடாது. திரியை அடுத்த அறைக்கு அனுப்பிவிட்டுப் போத்தலைத் திறவுங்கள்.

முதல் நாள்: கழுவுவது

கிட்டைத் திறந்ததும் பாகங்களை வெட்டிக் குவிக்காதீர்கள். தாளில் உள்ள இலக்கத்தோடு ஒவ்வொன்றையும் ஒப்பிட்டு எண்ணுங்கள். பிறகு ஸ்ப்ரூவோடு சேர்த்து இளஞ்சூட்டுத் தண்ணீரில் சவர்க்காரம் போட்டுப் பழைய பல்தூரிகையால் மெல்லத் தேயுங்கள். வார்ப்பு அச்சிலிருந்து பிளாஸ்டிக்கை எடுக்கப் பூசும் எண்ணெய்த்தன்மை மேலே ஒட்டியிருக்கும். அதன் மேல் பெயின்ட் நிற்காது. நிழலில் காயவிடுங்கள். வெயிலில் வைத்தால் நீண்ட மெல்லிய சுவர் வளைந்துவிடும்.

அடிச்சட்டமும் சக்கரமும்

இந்த இடத்தில் ஒரு முழு மாலையைச் செலவழியுங்கள். இரண்டு மாலை போனாலும் பரவாயில்லை.

அச்சு முனை பேனா முனை மாதிரிக் கூராக இருக்கும். அது அமரும் குழியில் பித்தளைக் கிண்ணம் ஒன்று போட வேண்டும். தொப்பி வடிவில் சின்னதாக வரும். வெறும் பிளாஸ்டிக் குழியில் ஓடவிட்டால் கொஞ்ச நாளில் குழி தேய்ந்து பெட்டி ஒரு பக்கம் சரியும். கிண்ணம் இறுக்கமாக இருந்தால் குழியைக் கையால் சுழற்றும் சிறிய துரப்பண முனையால் கொஞ்சம் பெரிதாக்குங்கள். தட்டி ஏற்ற வேண்டாம். சுப்பர் குளூ போட வேண்டுமென்றால் ஊசி முனையில் எடுத்துக் கிண்ணத்தின் வெளி விளிம்பில் மட்டும் தொடுங்கள். என் மருமகன் இந்த இடத்தில் ஒரு துளி கூட விட்டுவிட்டு, "மாமா, சில்லு சுத்துதில்ல" என்று ஓடி வந்தான். பசை கிண்ணத்துக்குள் இறங்கி அச்சைப் பிடித்துவிட்டது. எங்கள் கரையோரக் காற்றில் ஈரம் அதிகம். சுப்பர் குளூ இறுகுவதே ஈரத்தால்தான். ஆகவே புத்தகத்தில் சொல்லும் நேரத்தைவிட இங்கே வேகமாகப் பிடிக்கும். திருத்த நேரம் கிடைக்காது.

இனி ஒழுங்கு. ஒரு பக்கச் சட்டத்தை அடித்தளத்தில் ஒட்டிக் காயவிடுங்கள். மற்றப் பக்கச் சட்டத்தை வைக்கும்போதே இரண்டு சோடிச் சக்கரத்தையும் நடுவில் செருகிவிட்டு, மெல்லப் பிடித்துக் கண்ணாடி மேல் நிறுத்துங்கள். திரவம் இறுகுவதற்கு முன் பின்வருவன சரியா என்று பார்க்க வேண்டும்:

- நான்கு சக்கரமும் கண்ணாடியைத் தொடுகின்றனவா. ஒரு மூலையை விரலால் அழுத்தினால் டக் டக் என்று சத்தம் வரக் கூடாது.
- இரண்டு அச்சும் ஒன்றுக்கொன்று சமாந்தரமா. இடப்பக்கம் அச்சுக்கு அச்சு உள்ள தூரமும் வலப்பக்கத் தூரமும் ஒன்றாக வர வேண்டும்.
- கண்ணாடியை ஒரு பக்கம் சற்று உயர்த்தினால் வண்டி தானாக, நேராக இறங்குகிறதா.

மூன்றாவதுதான் பெரிய சோதனை. நேராக இறங்காமல் ஒரு பக்கம் இழுத்தால் அச்சு சமாந்தரமில்லை. சட்டத்தை அசைத்துச் சரிப்படுத்துங்கள். சரியானதும் அப்படியே ஓர் இரவு விடுங்கள்.

சக்கரத்தின் உட்பக்கத்துக்கும் உட்பக்கத்துக்கும் உள்ள இடைவெளியையும் அளந்து பாருங்கள். ஓஓவில் அது 14.5 மில்லிமீற்றர் அளவில் இருக்க வேண்டும். ஒடுங்கியிருந்தால் தண்டவாளம் பிரியும் இடத்தில் ஏறி விழும். சக்கரத்தைத் திருகியபடி மெதுவாக இழுத்தால் அச்சில் நகரும்.

பாரம்

வெறும் பிளாஸ்டிக் பெட்டி பாரமில்லாதது, வளைவில் துள்ளும். அச்சுக்கு 25 கிராம் என்ற கணக்குப் பலரும் கைக்கொள்வது. நான்கு சக்கரப் பெட்டிக்கு மொத்தம் 50 கிராம், பெட்டியின் சொந்த எடையும் சேர்த்து. தங்கம் நிறுக்கும் தராசு தேவையில்லை. சமையலறை டிஜிட்டல் தராசு போதும்.

எங்கள் ஊரில் பாரத்துக்குப் பஞ்சமில்லை, வலைக்குக் கட்டும் ஈயம் எங்கும் கிடைக்கும். சுத்தியலால் தட்டித் தட்டையாக்கி அடித்தளத்தின் நடுவில் ஒட்டலாம். ஈயத்தைத் தொட்ட கையைக் கழுவாமல் சாப்பாட்டில் வைக்காதீர்கள், பிள்ளைகள் அருகில் இருந்தால் இன்னும் கவனம். இதில் நான் செய்த பிழையை நீங்கள் செய்யக் கூடாது. மரவேலைக்கு எடுக்கும் வெள்ளைப் பசையில் ஈயமணிகளைக் குழைத்துத் தளத்தில் ஊற்றிவிட்டேன். பார்க்க ஒழுங்காக இருந்தது. இரண்டு வருடம் கழித்து எடுத்துப் பார்த்தால் பெட்டியின் வயிறு வீங்கிச் சுவரே வெடித்திருந்தது. அந்தப் பசையிலிருந்து வரும் அமிலம் ஈயத்தோடு சேர்ந்து வெள்ளைத் தூளாக்கும். தூளாகும்போது பருமன் கூடும். மூன்று மாதம் உழைத்த தேக்கு நிறப் பெட்டி அது. ஈயத்தை எப்பொக்சியால் மட்டும் ஒட்டுங்கள். இல்லாவிட்டால் ஈயத்தையே விட்டுவிட்டு இரும்பு நட்டுகளைப் போடுங்கள், ஒரு குறையும் இல்லை.

பெயின்ட்: எப்போது அடிப்பது

நிறம் எது என்பதற்கு முன் காலம் எது என்று யோசிக்க வேண்டும். ஒக்டோபர் கடைசியிலிருந்து ஜனவரி வரை மட்டக்களப்பில் மழை. அந்த ஈரத்தில் லக்கர் வகைப் பெயின்டோ பளபளப்பு வார்னிஷோ அடித்தால் மேலே வெண்மை படரும். கரைப்பான் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்வதால் வருவது அது. கச்சான் வீசும் மாதங்களில் மறுபக்கத் தொல்லை: அக்ரிலிக் பெயின்ட் தூரிகை முனையிலேயே காய்ந்துவிடும், மணல் தூசியும் வந்து படியும். நான் கச்சான் காலத்தில் விடியற்காலை 6 மணிக்கும் 9 மணிக்கும் இடையில், காற்று எழும்புமுன் அடிக்கிறேன். மாரியில் சுவருக்குப் பெயின்டே அடிப்பதில்லை. உள்ளே இருக்கைகள், அடிச்சட்டம் போன்ற வேலையை அப்போது முடித்துக்கொள்வேன். மின்விசிறியை எந்தக் காலத்திலும் நிறுத்துங்கள்.

சுவர்களை ஸ்ப்ரூவிலிருந்து எடுத்து, வெட்டிய அடையாளத்தைத் தேய்த்து, ஒரு காட்போட்டில் இரட்டை ஒட்டுப் பட்டியால் தட்டையாக ஒட்டி வையுங்கள். முதலில் மங்கல் சாம்பல் பிரைமர். அது காய்ந்ததும் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். கீறலும் வெடிப்பும் அப்போதுதான் தெரியும்.

கிரேட் வெஸ்டர்ன் பெட்டிக்கு எந்த நிறம் என்பது எந்த வருடத்துப் பெட்டியைக் காட்டுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. மேலே வெண்ணெய் நிறம், கீழே சொக்லட் என்பது அவர்களின் பெயர்பெற்ற கோலம். 1908 இல் முழுப் பெட்டியையும் சொக்லட் நிறமாக்கினார்கள். 1912 இல் கருஞ்சிவப்புக்கு மாறினார்கள். 1922 இல் பழைய இரட்டை நிறத்துக்குத் திரும்பினார்கள். முதல் கிட்டுக்கு 1908 முதல் 1912 வரையான முழுச் சொக்லட்டைத் தெரிவு செய்தால் ஒட்டுப்பட்டி போட்டு மறைக்கும் வேலையே இல்லை. இரட்டை நிறம்தான் வேண்டும் என்றால் வெண்ணெய் நிறத்தை முதலில், மூன்று மெல்லிய பூச்சாக, முழுச் சுவருக்கும் அடியுங்கள். இருண்ட நிறம் வெளிர் நிறத்தை மூடும், மறுபக்கம் மூடாது. ஒரு நாள் காய்ந்த பின் மறைப்புப் பட்டி ஒட்டிக் கீழ்ப்பாதிக்குச் சொக்லட். பெயின்ட் முழுதாக இறுகுமுன்பே பட்டியைச் சாய்வாக இழுத்து எடுங்கள்.

தேக்கு நிறம்

என் மனதுக்கு மிக நெருக்கமான பகுதி இதுதான். பிரித்தானியாவின் இன்னொரு பழைய ரெயில்வேயான லண்டன் அண்ட் நோர்த் ஈஸ்டர்ன் ரெயில்வேயின் பெட்டிகள் பெரும்பாலும் பெயின்ட் அடிக்காத தேக்காக இருந்தன. மேலே வார்னிஷ் மட்டும். எங்கள் வீடுகளில் பழைய தேக்கு அலுமாரி ஒன்றாவது இருக்கும். அதன் முன் பத்து நிமிடம் நின்று பாருங்கள். ஒரே அலுமாரியில் ஒரு கதவு பொன்னிறமாக, அடுத்தது சிவந்து, கீழ்ப்பலகை கறுத்து இருக்கும். ஒரு மரத்தில் வெட்டிய பலகைகளே ஒன்றுபோல் இருப்பதில்லை. தேக்கு நிறப் பெட்டியை ஒரே பழுப்பில் அடித்து முடித்தால் அது சொக்லட் பெட்டியாகத்தான் தெரியும்.

செய்யும் முறை இது. அடிப்பூச்சாக மஞ்சள் கலந்த வெளிர் பழுப்பு, அக்ரிலிக்கில், நன்றாகக் காயும்வரை இரண்டு நாள். பிறகு சித்திரம் படிக்கும் பிள்ளைகள் எடுக்கும் எண்ணெய் வர்ணக் குழாயில் செம்பழுப்பான பேர்ன்ட் சியன்னாவும் கரும்பழுப்பான பேர்ன்ட் அம்பரும் வாங்குங்கள். சியன்னாவை ஒரு துளி டேர்பன்டைனில் இளக்கி ஒரு பலகைக்கு மட்டும் பூசுங்கள். உடனே, உலர்ந்த தட்டைத் தூரிகையால் ஒரே திசையில் இழுத்து, பூசியதில் பெரும்பகுதியை எடுத்துவிடுங்கள். தூரிகை மயிர் விட்டுச் செல்லும் கோடுதான் மரத்தின் ரேகை. தூரிகையை ஒவ்வொரு இழுப்புக்கும் துணியில் துடைக்க வேண்டும். அடுத்த பலகைக்கு அம்பர் கொஞ்சம் கூட்டுங்கள், அதற்கடுத்ததுக்குக் குறையுங்கள். பக்கத்துப் பக்கத்துப் பலகை ஒரே நிறமாக வராமல் தாண்டித் தாண்டிச் செய்தால் நல்லது. கதவைச் சுற்றியுள்ள சட்டத்துக்கு ரேகை வேறு திசையில் போகும். அதைப் பழைய புகைப்படத்தில் பார்த்தே செய்யுங்கள்.

எண்ணெய் வர்ணம் காய ஒரு வாரமாவது விட வேண்டும். அவசரப்பட்டு வார்னிஷ் போட்டால் ரேகை எல்லாம் கலங்கிவிடும். காய்ந்ததும் அரைப் பளபளப்பு வார்னிஷ், இரண்டு மெல்லிய பூச்சு. பளபளப்பு முழுதாக இருந்தால் மிட்டாய் மாதிரித் தெரியும்.

கோடு போடுவது

பலகை விளிம்பில் ஓடும் மெல்லிய மஞ்சள் கோடுதான் பழைய பெட்டிக்கு உயிர். நில அளவையாளரும் வரைபடக்காரரும் அந்தக் காலத்தில் வைத்திருந்த, இரண்டு தகடும் நடுவில் திருகும் உள்ள ரூலிங் பேனாவைத் தேடிப் பிடியுங்கள். பழைய ஜியோமெட்ரிப் பெட்டிகளில் இன்னும் கிடக்கும். எனாமல் பெயின்டைப் பால் பதத்துக்கு இளக்கித் தகடுகளுக்கு நடுவில் விடுங்கள். பேனாவை முக்க வேண்டாம். முதலில் கண்ணாடியில் நாலு கோடு இழுத்து, சரியான மெல்லிசு வந்ததும் சுவருக்குப் போங்கள். அடிப்பூச்சு அக்ரிலிக்காக இருந்து கோடு எனாமலாக இருந்தால் பிழைத்த கோட்டை டேர்பன்டைன் தொட்ட துணியால் துடைத்துவிடலாம், அடிநிறம் அசையாது. தேக்குப் பெட்டியில் இந்த வசதி இல்லை. அங்கே வார்னிஷ் போட்டுக் காய்ந்த பிறகுதான் கோடு, பிழையை உலர்ந்த தூரிகையால் உடனே எடுக்க வேண்டும்.

எழுத்தும் இலக்கமும் தண்ணீரில் ஊறவைத்து வழுக்கி ஒட்டும் தாளில் வரும். பளபளப்பான பரப்பில்தான் அது விளிம்பு தெரியாமல் ஒட்டும். ஆகவே வார்னிஷுக்குப் பின் எழுத்து, எழுத்துக்குப் பின் மறுபடி வார்னிஷ். இங்கே ஒரு வரலாற்றுக் குறிப்பு: கதவில் வகுப்பு எழுதும்போது பழைய பிரித்தானியப் பெட்டிக்கு மூன்றாம் வகுப்பு என்று போடத் தயங்க வேண்டாம். 1956 ஜூன் வரை அங்கே மூன்றாம் வகுப்பு என்றுதான் பெயர். அந்த வருடம்தான் அதை இரண்டாம் வகுப்பு என்று மாற்றினார்கள்.

சுவர், கண்ணாடி, உள்வேலை

இனிப் பெட்டி எழும்பலாம். ஒட்டும் விளிம்பில் பெயின்ட் இருந்தால் கத்தியால் சுரண்டி வெறும் பிளாஸ்டிக்கைக் காட்டுங்கள். ஒரு பக்கச் சுவரும் ஒரு முனைச் சுவரும் முதலில். தச்சர் தந்த கட்டைகளில் சாய்த்து, உள்மூலையில் திரவத்தைத் தூரிகையால் தொட்டால் அதுவே மெல்லிய இடைவெளியில் ஓடிவிடும். இப்படி இரண்டு எல் வடிவம் செய்து, காய்ந்த பிறகு இரண்டையும் சேருங்கள். சேர்த்ததும் ஒரு கடதாசிப் பட்டியை மூலைக்கு மூலை வைத்து அடையாளமிட்டு மற்ற மூலைவிட்டத்துக்கு வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒன்றாக வந்தால் மூலை நான்கும் செங்கோணம்.

ஜன்னலுக்குத் தெளிந்த பிளாஸ்டிக் தாளை ஜன்னலைவிடச் சற்றுப் பெரிதாக வெட்டி உள்ளே ஒட்டுங்கள். சுப்பர் குளூவை இதற்கு எடுக்கவே கூடாது. அதன் ஆவி படிந்து தாள் பனிமூட்டமாகிவிடும், அதுவும் எங்கள் ஈரத்தில் நிச்சயம். ஈயத்துக்குக் கூடாது என்று சொன்ன அதே வெள்ளைப் பசை இங்கே மிக நல்லது. காய்ந்தால் கண்ணாடி போலத் தெரியும், விரலில் பட்டாலும் தண்ணீரில் போகும். ஒன்றிரண்டு ஜன்னலைப் பாதி இறக்கியது போல வெட்டி ஒட்டிப் பாருங்கள். வெயில் நாளில் எல்லா ஜன்னலையும் மூடிக்கொண்டு போகும் வண்டியை யாரும் பார்த்ததில்லை.

உள்ளே அறைத் தடுப்பும் இருக்கையும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இருக்கையின் மேல் விளிம்பும் சுவரும் மட்டுமே தெரியும். வெளிர் நிறமாகத் தீட்டினால்தான் உள்ளே ஏதோ இருப்பதாகக் கண் உணரும். இதில் அதிகம் மினக்கெட வேண்டாம்.

கூரை

பழைய பெட்டிக் கூரைக்கு ஈயம் சேர்ந்த வெள்ளைப் பெயின்ட் அடிப்பார்கள். புதிதில் பளிச்சென்ற வெள்ளை. புகையும் கரியும் பட்டுச் சில மாதத்தில் சாம்பலாகும். ஆகவே சுத்த வெள்ளையில் அடித்துவிட்டு, சோக்குத் தூளும் கரித்தூளும் கலந்து மென்மையான தூரிகையால் பூசி, மேலே மங்கல் வார்னிஷ் ஒரு பூச்சுப் போடுங்கள். விளக்குத் தொப்பிகளும் காற்றுக் குழல்களும் இருக்கும் இடத்தைத் தாளில் அளந்து பென்சிலால் குறித்த பிறகு ஒட்டுங்கள். கண்ணளவில் ஒட்டினால் ஒன்று விலகினாலும் மேலிருந்து பார்ப்பவருக்கு அதுதான் முதலில் தெரியும்.

கூரையை ஒட்ட வேண்டாம். நான்கு மூலையில் வெள்ளைப் பசையை ஒவ்வொரு பொட்டாக வைத்தால் போதும். உள்ளே ஒரு ஜன்னல் கழன்று விழுந்தால், பிளேட்டைச் செருகித் தூக்கிவிடலாம்.

வைத்துக் காப்பது

காட்போட் பெட்டியில் வைத்தால் கறையான் வரும். மூடி இறுகும் பிளாஸ்டிக் பெட்டியில், புதுச் சப்பாத்துப் பெட்டிக்குள் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டைப் போட்டு வையுங்கள். அலுமாரியில் பூச்சி உருண்டையோடு வைக்கக் கூடாது. அந்த உருண்டையின் ஆவி பொலிஸ்டைரினை இளக்கும். வெயிலில் நிறுத்திய வாகனத்துக்குள்ளும் விடாதீர்கள்.

அடுத்தது எங்கள் பெட்டி

இரண்டு கிட் கட்டிய கைக்கு மூன்றாவதைத் தானே வெட்டத் துணிவு வரும். 1920களின் பிற்பகுதியில் தண்டவாளம் மட்டக்களப்பு வரை வந்து சேர்ந்தது. கல்லோயா சந்தியில் திருகோணமலைப் பாதையிலிருந்து பிரிந்து, மன்னம்பிட்டி, புனானை, வாழைச்சேனை, ஏறாவூர் என்று வரும் பாதை அது. அம்பாறைப் பிள்ளைகள் சிலர் கல்லோயா என்றதும் தங்கள் மாவட்டம் என்று நினைப்பார்கள்; பெயர் ஒன்றுதான், இடம் வேறு. அம்பாறைக்குத் தண்டவாளம் வரவேயில்லை. மன்னம்பிட்டியிலும் ஓட்டமாவடியிலும் ரெயிலும் பஸ்ஸும் ஒரே பாலத்தில் மாறி மாறிப் போன காலத்தை எங்கள் வயதுக்காரர் மறக்க மாட்டார்கள். பழைய பெட்டிகளை நேரில் பார்க்க வேண்டுமென்றால் கடுகண்ணாவையில் 2014 இல் திறந்த தேசிய ரெயில்வே அருங்காட்சியகம் இருக்கிறது.

பெட்டியை அளக்கப் போகும்போது நிலைய அதிபரிடம் கேட்டு அனுமதி எடுத்துவிட்டு, நிற்கும் பெட்டிக்கு மட்டும் கிட்டப் போங்கள். முழு நீளத்தை அளப்பது கஷ்டம். ஒரு கதவின் அகலத்தையும் ஒரு ஜன்னலின் உயரத்தையும் சரியாக அளந்து, பெட்டிக்கு நேர் எதிரே தூரத்தில் நின்று ஒரு புகைப்படம் எடுத்தால் மீதியைப் படத்திலிருந்து விகிதப்படி கணக்கிடலாம். சுவரை 0.5 மில்லிமீற்றர் பிளாஸ்டிக் தாளில் வெட்டி, புடைப்புச் சட்டத்துக்கு 0.25 மில்லிமீற்றர் பட்டி ஒட்டுங்கள். அடிச்சட்டத்தை 22 மில்லிமீற்றர் அகலத்துக்குக் கட்டுவதென்றால் சக்கரத்தைக் கழற்றி நீண்ட அச்சில் ஏற்ற வேண்டும். தண்டவாளத்தையும் நீங்களே கட்டைமேல் ஒட்டித்தான் செய்ய வேண்டும், முதலில் ஒரு அடி நீளம் போதும். பெட்டி நிற்பதற்கு அவ்வளவு இடம்தான் வேண்டும்.